மைக் மாமாவின் கேள்விகள்

"பாரு, எழுந்துட்டாரு மைக் மாமா!" என்று ஆபீஸ் சீனியர் அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

முன்வரிசையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் மைக்கைக் கையில் வாங்கியிருந்தார். சாஃப்ட்வேர் மாநாட்டின் இரண்டாவது செஷன். முதல் செஷனிலும் அவர்தான் எழுந்தார். சீனியர் அப்போதே பட்டப்பெயர் வைத்துவிட்டார்.

"தம்பி, அந்த மூணெழுத்துச் சுருக்கத்தையே இருபது நிமிஷமா சொல்லிட்டிருக்கீங்க. அதுக்கு விரிவு என்ன?"

அரங்கமே சிரித்தது. சீனியர் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

"இதுகூடத் தெரியாமலா கட்டணம் கட்டி உள்ள வந்தாரு?"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மேடையிலிருந்து வந்த பதிலை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்கும் தெரியாது.

மேனேஜர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். "சீனியருக்குத் தெரியாதது கிடையாது, சும்மா துணைக்கு வரார். திங்கக்கிழமை டீம் மொத்தத்துக்கும் நீதான் வகுப்பு எடுக்கணும். ஒழுங்கா எடுத்தா புது ப்ராஜெக்ட்ல உனக்கு இடம். இல்லைன்னா பழைய வேலைதான்."

மூன்றாவது செஷனிலும் மைக் மாமா எழுந்தார். எழுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, உள்ளங்கையில் மறைத்துப் பார்த்துக்கொண்டதை அவள் கவனித்தாள்.

பிட்டா? அசட்டுக் கேள்வி கேட்பதற்கு யாராவது பிட்டு கொண்டுவருவார்களா?

"எல்லாம் சரி தம்பி. பழைய முறையில என்ன கோளாறு? எதுக்கு மாத்தணும்?"

மறுபடி சிரிப்பு. ஆனால் அந்தப் பதிலில்தான் அவள் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது.

அன்றைய கடைசி செஷன். பெரிய சாஃப்ட்வேரைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது பற்றி. திங்கட்கிழமை வகுப்பே இதைப் பற்றித்தான். பாதியில் ஓர் இடம் அவளுக்குப் புரியவில்லை.

'மாமா கேட்டுவிடுவார்' என்று முன்வரிசையைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேள்வி ஏதாவது?" என்றார் மேடையில் இருந்தவர்.

மாமா அசையவில்லை. வேறு யாரும் அசையவில்லை.

அவள் கை தானாக மேலே போயிற்று.

"ஏய், வேண்டாம்! மானத்தை வாங்காதே" என்று சீனியர் பல்லைக் கடித்தார். "கம்பெனி பேரு கழுத்துல தொங்குது!"

மைக் அதற்குள் கைக்கு வந்துவிட்டது.

"சார், ஒரு துண்டு பாதி வேலையில செத்துப்போச்சுன்னா, மத்த துண்டுக்கெல்லாம் யாரு சொல்லுவா?"

சிரித்தார்கள். சீனியர் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்.

மேடையில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "அட, அதைச் சொல்லாமலே தாண்டி வந்துட்டேனே!" என்று நாலு ஸ்லைடு பின்னால் போனார். பத்து நிமிடம் விளக்கினார். சிரித்தவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் மூன்று பக்கம் எழுதினாள். திங்கட்கிழமை பயம் போய்விட்டது.

சீனியர் டீ குடிக்கப் போனதும், வாசலில் ஆளுயர விளம்பரத் தட்டி ஓரமாக நின்றிருந்த மாமாவிடம் போனாள்.

"சார், கடைசியில மட்டும் ஏன் நீங்க எதுவும் கேக்கலை?"

"யாரும் குடுக்கலையேம்மா."

"எதைக் குடுக்கலை?"

அவர் பையிலிருந்து ஒரு கத்தை விசிட்டிங் கார்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பேனாவால் ஒரு கேள்வி கிறுக்கியிருந்தது.

"போன வருஷம் ஒருத்தர் தன் கேள்வியை என்னைக் கேக்கச் சொல்லித் தயங்கித் தயங்கி எழுதிக் குடுத்தாரு. இப்ப டீ வரிசையில கையில திணிச்சிட்டுப் போயிடறாங்க. இங்க முக்கால்வாசிப் பேருகிட்ட வேற காகிதம் இருக்கறதில்லை, அதான் கார்டு. பின்பக்கத்தை மட்டும்தான் படிப்பேன். யாரு எவருன்னு பாக்கறதில்லை."

"எழுதிக் குடுத்தவங்களும் சேர்ந்துதானே சார் சிரிக்கறாங்க?"

"சிரிக்கலைன்னா மாட்டிப்பாங்களேம்மா! நான் ரிட்டயர் ஆயாச்சு. என்னை மக்குன்னு சொன்னா இன்க்ரிமென்ட்டா நின்னுடப் போகுது?"

அவள் பதில் சொல்வதற்குள், தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. இரண்டு கார்டுகளை மாமாவின் உள்ளங்கையில் அழுத்தியது. ஆள் தெரியவில்லை. குரல் சீனியருடையது.

"சார், நாளைக்குக் காலையில இந்த ரெண்டையும் கேட்டுடுங்க. என்கூட ஜூனியர் பொண்ணு ஒண்ணு வந்திருக்கு. அதுக்கு மட்டும் தெரிஞ்சிடக்கூடாது!"