துணி அறையில் ஆண் குரல்

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

உலர்த்தும் மெஷின் நின்று, அடுத்த சுற்று தொடங்குவதற்குள் கிடைக்கிற ஒரு நிமிஷ அமைதியில்தான் அது கேட்கும். தணிந்த, இதமான குரல். துணி அறையின் கதவு சாத்தியிருந்தது.

பட்டன் அக்கா கதவில் காதை ஒட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்கு பட்டன் தைப்பவள். அதனால் அந்தப் பெயர்.

ஆண் குரல் ஏதோ சொன்னது. "சரி... சரி..." என்று ஒரு பெண் குரல் பதில் சொன்னது. படுக்கை விரிப்புகளை மடிக்கிறவளின் குரல்.

அதற்கு மேல் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"சார், நான் யார் வம்புக்கும் போறவ இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியாது. விஷயத்தைச் சொல்லு."

அவருக்குக் கஞ்சி சார் என்று பெயர். கஞ்சி போட்ட சட்டை மாதிரி எப்போதும் ஒரு விறைப்பு. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நம்ம மடிப்புக்காரி தினமும் முன்னாடியே வந்து கதவைச் சாத்திக்கிறா. உள்ளே ஒரு ஆம்பளை பேசறான். நாலு நாளா கேக்கறேன்."

"முதல் நாளே ஏன் சொல்லலை?"

"தீர விசாரிக்க வேண்டாமா சார்? பாவம் இல்லையா?"

"நம்ம ஆளுங்கள்ல யாராவது இருக்கும்."

"சேச்சே! இவ்வளவு அன்பா பேசறவங்க இங்கே யாரு சார் இருக்காங்க?"

கஞ்சி சார் எழுந்தார். "வெளி ஆளை உள்ளே விட்டிருந்தா, இன்னைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிடறேன்."

கதவைத் தள்ளினார். அவள் மட்டும்தான் இருந்தாள். கையில் ஒரு விரிப்பு. மடித்த அடுக்கின் மேல் மொபைல்.

"எங்கே அந்த ஆளு?"

அவள் விழித்தாள். அக்கா குனிந்து மேஜைக்குக் கீழே பார்த்தாள். தள்ளுவண்டிக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"யாரும் இல்லை சார். போன்ல ஒரு பழைய வாய்ஸ் மெசேஜ்."

"இங்கே போன் கூடாதுன்னு சுவத்துல ஒட்டியிருக்கேனே, படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"படிச்சுமா? போடு, என்னன்னு நானும் கேக்கறேன்."

அவள் மொபைலை எடுத்தாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் சம்பளம்.

மொபைல் பேசியது: "கை கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும், ஒத்துக்கறேன். ஆனா சுத்தமான கை. அவங்க மடிச்சதை நான் பிரிச்சுப் பார்க்கறதே இல்லை. இருக்கட்டும் சார், நல்லா வருவாங்க."

"யாரு இவன், மூக்கடைச்ச மாதிரி பேசறான்?" என்றார் கஞ்சி சார்.

"நீங்கதான் சார்."

அக்கா 'க்ளுக்'கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சேர்ந்த புதுசுல என்னை நிறுத்திடலாமான்னு மேனேஜர் உங்களைக் கேட்டாராம். நீங்க அனுப்பின பதிலை அப்படியே எனக்கு அனுப்பி வெச்சார். ரெண்டு வருஷமாச்சு."

"அதை எதுக்கு தினமும் கேக்கறே?"

"முதல்ல நானேதான் எனக்குச் சொல்லிக்கிட்டேன் சார். காலையில கண்ணாடி முன்னாடி நின்னு 'என்னால முடியும்'னு பத்து தடவை சொன்னா தைரியம் வரும்னாங்க. சொன்னேன். பத்தாவது தடவை, கண்ணாடியில இருக்கறவளே 'போதும், போய் வேலையைப் பாரு'ங்கற மாதிரி பார்த்தா. நான் சொன்னா நானே நம்ப மாட்டேங்கறேன். நீங்க சொன்னா நம்பறேன். நீங்க முகதாட்சண்யத்துக்காக ஒரு வார்த்தை சொல்ற ஆள் இல்லையே சார்."

உலர்த்தும் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வாசல்வரை போன கஞ்சி சார் திரும்பினார். "சட்டம்னா சட்டம்தான். நாளையிலிருந்து போன் லாக்கர்ல இருக்கணும்."

மறுநாள் அவள் மொபைலை லாக்கரில் வைத்துவிட்டு வந்தாள். முதல் விரிப்பையே இரண்டு முறை பிரித்து மடித்தாள்.

உலர்த்தும் மெஷின் நின்றது. கோட்டோடு அந்தப் பக்கம் போன அக்கா, பழக்கதோஷத்தில் காதை வைத்தாள்.

ஆண் குரல்!

"போனை மறுபடி எடுத்துட்டு வந்துட்டியா?" என்று கதவைத் தள்ளினாள்.

உள்ளே கஞ்சி சார் நின்றிருந்தார். மடிப்புக்காரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டிய தன் அறிவிப்பைத் தானே படிக்கிறவர் போல, "...மெதுவாத்தான் ஓடும். ஆனா சுத்தமான கை" என்று முடித்து, ஒரு முறை இருமினார்.

"சரி சார்" என்றாள் அவள். கை மடமடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவைப் பார்த்ததும் அவருக்கு விறைப்பு திரும்பிவிட்டது. "உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லை சார்... கோட்டு முடிஞ்சிடுச்சு."

வாங்கி, தினமும் செய்வதுபோல் ஒரு பட்டனைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனவர், கொடுக்காமல் நின்றார்.

"ஆறு வருஷமா இழுத்துப் பார்க்கறேன். நீ தைச்ச பட்டன் ஒண்ணுகூட என் கையோட வந்ததில்லை."

அக்கா கோட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஊசியில் நூல் கோக்க மூன்று முறை ஆயிற்று. அப்புறம் அடுத்த கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.