குறட்டை மிஷின்

"இன்னொரு தடவை என் மேல கை வச்சீகன்னா நல்லாயிருக்காது, ஆமா!"

முத்துப்பாண்டி போட்ட சத்தத்தில் விமானத்தில் நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டுக் கற்பகம் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

சென்னையில் ஏறியபோது, அந்தம்மாவுக்கு விருதுநகர் என்று கேட்டதும் மனுஷனுக்கு அம்புட்டுச் சந்தோஷம். தான் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி போர்மேன் என்பதிலிருந்து, லண்டனில் மகள் ரோஜாவுக்குப் பிறந்த ஆறு மாசப் பேத்தியை முதல் தடவையாகப் பார்க்கப் போவது வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டார்.

"மூக்குல மாட்டுற குறட்டை மிஷின் ஒண்ணு டாக்டர் குடுத்திருக்காரும்மா. அது இல்லாமத் தூங்கவே கூடாதுன்னாரு. மக, 'கையிலயே கொண்டாங்கப்பா'ன்னா. நான் பெரிய பெட்டியில போட்டுக் கீழ அனுப்பிட்டேன்."

"ஐயையோ, ஏன் அண்ணாச்சி?"

"ஆளு ஒக்காந்திருக்கிற எடத்துக்குள்ள கரண்டு சாமானைக் கொண்டு போகலாமா? எங்க கம்பெனியில செல்போனையே கேட்டுல வாங்கி வச்சிருவோம். முப்பது வருசத்துல ஒரு பொறி விழுந்ததில்ல, தெரியும்ல! ஒரு நாள் குறட்டை விட்டா குடியா முழுகிப் போயிரும்?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தோளில் ஓர் உலுக்கல்.

"அண்ணாச்சி! அண்ணாச்சி!"

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, தூங்குங்க."

மறுபடி அசந்தார். மறுபடி உலுக்கல். அடுத்த தடவை விலாவிலேயே ஓர் இடி. மணிக்கணக்கில் இதே கூத்து நடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவர் போட்ட சத்தம் கேட்டு விமானப் பணிப்பெண் ஓடி வந்தாள்.

"பின்னால மூணு சீட்டு காலியா இருக்கும்மா. நீங்க அங்க போய் நல்லாப் படுத்துத் தூங்குறீங்களா?" என்று கற்பகத்தைக் கேட்டாள்.

"வேணாம். நான் இங்கனயே இருக்கேன்."

என்ன நெஞ்சழுத்தம் பாரு இந்தப் பொம்பளைக்கு! முத்துப்பாண்டி பல்லைக் கடித்தார்.

லண்டனில் இறங்கியதும் பொரிந்து தள்ளிவிட்டார்.

"நம்ம ஊருக்காரகன்னு நம்பி ஒக்காந்தேன். மனுசன் விடுற குறட்டையப் பொறுத்துக்கக் கூடாதா? காதுல பஞ்சை வச்சுக்கிட்டுத் தூங்க வேண்டியதுதானம்மா?"

கற்பகம் நிமிர்ந்தாள். பொட்டுத் தூக்கமில்லாமல் அவள் கண் ரெண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"குறட்டை விட்டப்ப நான் உங்கள எழுப்பவே இல்ல அண்ணாச்சி. குறட்டை நின்னு, கூடவே மூச்சும் நின்னுச்சு பாருங்க, அப்பத்தான் ஒவ்வொரு தடவையும் எழுப்பினேன். எங்க வீட்டுக்காரருக்கும் இதே கோளாறுதான். நான் காதுல பஞ்சை வச்சுக்கிட்டுத் தூங்குனவ. ஒரு நாள் விடிஞ்சு பாத்தா, அவரு இல்ல."

முத்துப்பாண்டி அத்தனை பேர் முன்னாலும் ரெண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

வெளியே காத்திருந்த ரோஜா ஓடி வந்து, "இந்தாங்கப்பா, ஒங்க பேத்தி" என்று குழந்தையை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. பின்னால் வந்த கற்பகத்தைக் காட்டினார்.

"மொதல்ல இவுக கையில குடு தாயி. இவுக இல்லேன்னா புள்ளைக்குத் தாத்தா கெடையாது."