தேவராசாவின் விண்டோ

கெலிஓயாவில் பகலிலேயே கடைக்குள் விளக்குப் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவு மழை. நான் கம்ப்யூட்டரில் மரண அறிவித்தல் அடிக்கிறேன். இறந்தவர் தேவராசா. பக்கத்துக் கதிரையில் அவருடைய மனைவி இரஞ்சிதம், மடியில் குடை சொட்ட, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்கிறார். தர்சிகா ஒழுங்காக விழுகிறது. சஞ்சயன் என்று தொடங்கியதும் பின்னால் கிடந்த மெசேஜ் விண்டோ முன்னுக்குப் பாய்கிறது. பெயர் அதற்குள் போய் விழுகிறது. விண்டோவின் மேலே தேவராசாவின் முகம். நேற்று அவருடைய போனிலிருந்துதான் அறிவித்தலுக்குப் படம் அனுப்பினார்கள். இப்போது அதிலிருந்து வெறும் புள்ளி ஒன்று வந்திருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறேன். மறுபடி பாய்கிறது. இன்னொரு புள்ளி.

"போன் யார்கிட்டம்மா இருக்கு?"

"அலுமாரிக்குள்ள. சார்ஜ் இல்லாமல் கிடக்கு." திரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "மனுசன் கடைசிவரைக்கும் மகனை வீட்டுப் படியேற விடேல்லை. கொள்ளி வைக்கப்போறவன்ர பேர் இல்லாமல் நோட்டீஸ் ஒட்டேலுமோ? போடுங்கோ தம்பி."

லினக்ஸ் செட்டிங்கைத் திறந்து, பின்னால் ஓடும் எதுவும் தானாக முன்னுக்கு வந்து கீபோர்டைப் பறிக்கக் கூடாது என்று மாற்றுகிறேன்.

"இனி வராதோ?"

"வரும்மா. முன்னுக்குத்தான் வராது."

அடிக்கிறேன். சஞ்சயன் தர்சிகாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. திரையின் அடியில் மெசேஜின் பச்சை ஐகன் மின்னத் தொடங்குகிறது, விடாமல். இரஞ்சிதம் ஈரக் கையை நீட்டி அதைப் பெருவிரலால் மூடுகிறார். விரலின் ஓரத்தில் பச்சை வந்து வந்து போகிறது.

"சும்மா இருங்கோப்பா," என்கிறார் திரையைப் பார்த்து. பிறகு என்னிடம், "நீங்கள் பிரிண்ட் எடுங்கோ."