பாடத்தில் இல்லாத கேள்வி

"உங்க வயசு?" என்று கேட்டபோது, எதிரே இருந்தவரின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கண் விண்ணப்பத்திலேயே இருந்தது.

"நாற்பத்தொண்ணு, மேடம்."

"வந்திருக்கிற மத்தவங்க எல்லாம் சின்ன வயசு. அவங்களுக்குச் சமமா மேஜைக்கு அடியில தவழ்ந்து கேபிள் இழுக்க முடியுமா உங்களால?"

"கிடங்குல சூப்பர்வைசரா இருந்தவன் மேடம். மூட்டைக்கு நடுவுல தவழ்ந்தே பழக்கம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வழக்கமாக நேர்முகத்துக்கு உட்காரும் அதிகாரி காய்ச்சலில் படுத்துவிட்டதால், சீனியர் டெக்னீஷியனான அவளைத் திடீரென்று அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்தே அவளுக்குக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"இப்போ ஏன் கம்ப்யூட்டர் பக்கம்?" என்றார் மேனேஜர்.

"கிடங்கை மூடிட்டாங்க சார். ஆறேழு இடத்துல கேட்டுப் பார்த்தேன், கிடைக்கலை. சரி, புதுசா ஒரு தொழில் கத்துப்போம்னு வீட்டுலயே படிச்சேன். தெரிஞ்சவங்க ஒருத்தங்க சொல்லிக் கொடுத்தாங்க. ரொம்பக் கண்டிப்பு. ஒரு தப்பு வந்தாலும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கச் சொல்லுவாங்க."

"அப்படி ஒரு வாத்தியார்தான் வேணும்!" என்று எழுந்த மேனேஜர், ஓரத்து மேஜையைக் காட்டினார். அங்கே மூடி கழற்றிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது.

வந்தவர் ஸ்விட்சைப் போட்டார். மின்விசிறி சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளிருந்து 'பீப், பீப்' என்று சத்தம் மட்டும் கேட்டது. அவர் உடனே மின்சாரத்தை நிறுத்தி, ராம் மெமரி அட்டையைப் பதமாகக் கழற்றி, அதன் விளிம்பை ரப்பரால் துடைத்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினார். மறுபடி ஸ்விட்சைப் போட்டதும் திரை விழித்துக்கொண்டது.

"சரி. நெட் வரலையே?" என்றார் மேனேஜர்.

அவர் கம்ப்யூட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "லைட்டே எரியலை சார். கோளாறு கேபிள்லதான் இருக்கணும்." கேபிளின் முனையை வெட்டி, "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம்..." என்று முணுமுணுத்தபடி கம்பிகளை வரிசைப்படுத்திப் புதுத் தலை மாட்டினார். செருகியதும் பச்சை விளக்கு மினுக்கியது.

மேனேஜர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இவரே போதும் என்று அந்தப் பார்வை சொன்னது.

அவள் ஒரு தாளில் இரண்டு கம்ப்யூட்டர்களின் ஐபி அட்ரஸ்களையும் சப்நெட் மாஸ்கையும் எழுதி, அவர் பக்கம் தள்ளினாள். "இந்த ரெண்டும் ஒரே நெட்வொர்க்கா, வேற வேறயா? சப்நெட் கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

அவர் பேனாவை எடுத்தார். தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளை ஒரு தடவை பார்த்தார். கோபமில்லாத பார்வைதான், ஆனாலும் அதை அவளால் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியலை மேடம். அது இன்னும் படிக்கலை."

"நீங்க வெளியில இருங்க."

கதவு மூடியதும் மேனேஜர் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது? கேபிள் மாட்டுற வேலைக்கு வந்தவரைப் போய் சப்நெட் கணக்குப் போடச் சொல்றீங்க! காலையில வந்த பொண்ணுகிட்ட இதைக் கேட்கலையே? அது நெட்வொர்க் ஸ்விட்ச் எதுக்குன்னு சொன்னதுக்கே தலையாட்டுனீங்க."

"அந்தப் பொண்ணும் கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் சொல்லுச்சு சார்."

"அந்த மனுஷன் மேல உங்களுக்கு ஏதாவது கோபமா?"

"அதெல்லாம் இல்ல சார்." அவள் விண்ணப்பங்களை அடுக்கத் தொடங்கினாள்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "உங்க தொழில் எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதுதான் முடிவு." அவள் காலையில் வந்த பெண்ணின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

முடிவைச் சொல்ல மேனேஜரே வெளியே போனார். "வேற இடம் வந்தா கண்டிப்பா கூப்பிடுறோம்" என்று அவர் ஆறுதல் சொல்வதும், "பரவாயில்ல சார், ரொம்ப நன்றி" என்ற பதிலும் கதவிடுக்கில் அவள் காதில் விழுந்தன. அந்த நன்றி அவளைச் சுட்டது. ஒரு வருஷமாகக் கதவு கதவாகத் தட்டிய மனிதர் தகுதியோடு உள்ளே வந்தும், தன் கையாலேயே கதவைச் சாத்திவிட்டோமே என்று நினைத்தாள்.

உட்கார முடியவில்லை. தலைவலி மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். வண்டி நிறுத்துமிடத்தில் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

மூச்சிரைக்கப் பக்கத்தில் போய் நின்றாள். அக்கம்பக்கம் யாருமில்லை.

"உங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்" என்றாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. "என்னை ரெண்டு வார்த்தை திட்டிடுங்க."

அவர் திட்டவில்லை. வண்டியைக் கிளப்பியபடியே சொன்னார்:

"மத்த கேள்விக்கெல்லாம் பதில் நீ சொல்லிக் கொடுத்ததுதானே, அதை வெச்சு எனக்கே வேலை குடுத்தா மத்தவங்களுக்கு நியாயமா, வேற எதைக் கேட்ப... அழாதே, ஸ்கூல் விடுற நேரமாச்சு, நம்ம பாப்பாவை நான் கூட்டிட்டு வந்துடறேன், நீ வேலையை முடிச்சுட்டு வீட்டுக்கு வா!"