எதிர்ச்சரிவுக் கொழுக்கட்டை

"சூப் நம்மகிட்ட குடிங்க. பிளம் கொழுக்கட்டைக்கு எதிர்ச்சரிவு விடுதிக்குச் சறுக்கிட்டுப் போங்க. சாப்பிட்டுட்டு, 'பட்டைத்தூள் பத்தலை'ன்னு அந்த விடுதிக்காரம்மாகிட்ட மறக்காம சொல்லணும்," என்றாள் மலை விடுதிக்காரி நோட்புர்கா.

ஆஸ்திரியாவின் டைரோல் மலைக்குப் பனிச்சறுக்கு விடுமுறையில் வந்திருந்த ஹென்னிங்குக்குச் சிரிப்பு வந்தது. தொழில் போட்டி என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மதியம் வந்தான். "சொன்னேங்க. 'அவ சூப்புல மட்டும் என்ன வாழுதாம்? ஒரே மிளகு!'ன்னு பொரிஞ்சு தள்ளிட்டாங்க."

நோட்புர்காவின் முகம் மலர்ந்தது. "குரல் எப்படி இருந்துச்சு? இருமினாளா?"

"கொஞ்சம் இருமினாங்க."

அவள் உள்ளே போய் ஒரு தேன் பாட்டிலோடு வந்தாள்.

"இன்னிக்கு எந்தச் சரிவுல சறுக்கலாம்?" என்றான் ஹென்னிங்.

"அதே சரிவுதான். இதை அவ மேசையில மறந்தாப்பல வச்சுட்டு வந்துடுங்க. நான் குடுத்தேன்னு மூச்சு விடக்கூடாது."

ஹென்னிங் தன் பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அந்தம்மாவும் இதை இங்க அப்படித்தான் மறந்தாப்பல வச்சுட்டு வரச் சொன்னாங்க. யாருங்க அவங்க?"

நோட்புர்கா காலுறையைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க அக்கா. நாங்க பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு."