மழுங்கடித்த கோடாலி

கொட்டகலை கடைவீதியில் சாணை பிடிப்பவர், பெற்றீசியா நீட்டிய கோடாலியைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல கூராத்தானேம்மா இருக்கு?"

"பக்கத்து வீட்டுத் தம்பி தீட்டிக் குடுத்துருச்சுங்க. கொஞ்சம் மழுங்கடிச்சுத் தாங்க."

"கையில பட்டுருமுன்னு பயமா? மழுங்குனதுதாம்மா வழுக்கிக் கால்ல பாயும்."

"பரவாயில்லைங்க."

அன்று மாலை தேயிலைத் தோட்ட லயத்தில், தன் வீட்டு வாசலில் அவள் விறகை ஓங்கி ஓங்கி வெட்டினாள். விறகு பிளக்கவில்லை. சத்தம் கேட்டு, நாளெல்லாம் சாத்தியிருந்த பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"என்ன பெரியம்மா, நான் தீட்டுனது அதுக்குள்ள மழுங்கிருச்சா? இங்க குடுங்க" என்று நிரஞ்சன் வந்தான்.

"பொளந்துட்டு ஒக்காருப்பா. தேத்தண்ணி குடிச்சுட்டுப் போகலாம்."

உள்ளே போனவள், கூரை வரை அடுக்கியிருந்த விறகைத் தாண்டிப் போய், மகன் வாங்கித் தந்த கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள்.