மேட்டு வீட்டில் இரண்டு போர்டு

கிழவர் ஹால்வர்சன் வீட்டு வாசலில் இரண்டு போர்டுகள் நின்றன. ஒன்றில் 'நூலக வரிக்கு ஆம்' என்று இருந்தது. பக்கத்திலேயே மற்றது: 'வரி போடுவதைச் சுலபமாக்காதே!'

நூலகக் குழுவுக்காக ஓட்டுச் சேகரிக்கும் வெர்னாவுக்குத் தலை சுற்றியது.

ஊர் நூலகத்தை மூடாமல் இருக்க, வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும். போன தடவை மயிரிழையில் தோற்று, இந்தத் தடவை மறுபடி கேட்கிறார்கள். கூடவே, இப்படிப்பட்ட வரிகளுக்கு நூற்றுக்கு ஐம்பத்தைந்து ஓட்டே போதும் என்று சட்டத்தையே மாற்றவும் இந்தத் தேர்தலில் கலிபோர்னியா முழுக்க ஓட்டெடுப்பு. நூலகம் வேண்டும் என்கிறவர் இதற்கும் தலையாட்ட வேண்டாமா? இதென்ன, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை!

கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள் ஊரில். வெர்னாவுக்கோ கோபம். போன தேர்தல் சமயத்தில் இடுப்பெலும்பு முறிந்து சமையலறைத் தரையில் கிடந்தவரை, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் காப்பாற்றியவர் நூலகக் குழுத் தலைவர் கிரெக். அவருக்கு எதிராகவே போர்டா? நன்றி கெட்ட மனுஷன்.

கேட்டே விடுவது என்று மேடேறிப் போனாள்.

ஹால்வர்சன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். காபியும் பூசணி கேக்கும் வைத்தார். வெர்னாவுக்குத் திட்ட வாய் வரவில்லை.

"வரி கட்டறேங்கறீங்க. அப்புறம் அது சுலபமா ஜெயிக்கக் கூடாதுங்கறீங்க. எனக்கு ஒண்ணும் புரியலை, மிஸ்டர் ஹால்வர்சன்."

"கிரெக் அன்னைக்கு எதுக்கு இங்கே வந்தான்?"

"உங்களைக் காப்பாத்த."

"நான் விழுந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? ஓட்டுக் கேட்க வந்தான். முதல் நாள் சாயங்காலத்திலேருந்து தரையில கிடக்கேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை."

வெர்னா கேக் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"மேட்டுல இருக்கறதே நாலு வீடு. எல்லாரும் வரின்னாலே கதவைச் சாத்தற ஆளுங்க. அப்ப நானும் அப்படித்தான். ஆனா மூணுல ரெண்டு வேணுமே, எங்களையும் கெஞ்சித்தானே ஆகணும்? அதான் ஏறி வந்தான். ஐம்பத்தஞ்சு போதும்னா வந்திருப்பானா?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. எங்கோ தப்பு இருக்கிறது, ஆனால் யார் பக்கம் என்றுதான் பிடிபடவில்லை.

"என்ன பேச்சு இது? ஓட்டு இல்லாட்டாலும் வருவோம். எல்லாரும் ஒரே ஊர்க்காரங்க."

"அப்படின்னா அந்த போர்டை நானே பிடுங்கி அடுப்புல வைக்கிறேன்" என்று சிரித்தார் ஹால்வர்சன்.

அந்த நேரம் பார்த்து வெர்னாவின் போன் அடித்தது. கிரெக்.

நல்லதாகப் போயிற்று, கிரெக் வாயாலேயே கிழவர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்தாள். மேட்டு வீட்டில் இருப்பதாகச் சொல்லி வாய் மூடுவதற்குள் கிரெக்கின் குரல் கணீரென்று வந்தது.

"அங்கே எதுக்கும்மா மூச்சு வாங்க ஏறினே? இறங்கி வா. இந்தச் சட்டம் மட்டும் ஜெயிக்கட்டும், அந்த நாலு வீட்டுப் பக்கம் இனிமே நாம யாருமே போக வேண்டாம்."